மேற்கே ஓடிய ஆறு கிழக்கே வந்த வரலாறு

சகரனுடைய மைந்தர் அறுபதினாயிரவரும் சாம்பராய்க் கிடக்க, அவர்களைக் கரையேற்றும் பொருட்டுப் பகீரதன் தவங்கிடந்து கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்தான் என்பது நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரிந்த கதை. அக்கதையின் நடுவே வரும் ஒரு சிறு சம்பவத்தை மட்டும் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பகீரதனுடைய தேரின் பின்னே பாய்ந்து வந்த கங்கை, வழியிலே சன்னு முனிவரின் வேள்விச்சாலையை மூழ்கடித்தாள். முனிவர் சினந்து ஆற்றையே அள்ளிக் குடித்துவிட்டார். பகீரதன் அடிபணிந்து வேண்டிய பின்னரே அவளைச் செவி வழியாக வெளியே விட்டார். சானவி என்னும் பெயர் கங்கைக்கு அதனாலே வந்தது. தன் குலத்தாரின் தாகத்துக்காக ஆற்றைக் கொண்டு போகிறவன் ஒருவன். அது போகும் வழியில் வீடு வாசல் நனைகிறவன் மற்றொருவன். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மனிதர் ஆற்றைத் திருப்பிய இடமெங்கும் இவ்விருவரையும் நாம் காணலாம்.

இலங்கை ஒரு தீவு. களனி கங்கையும் களு கங்கையும் சிவனொளிபாத மலைப் பக்கத்திலே பிறந்து இந்நாட்டுக் கரையிலேயே கடலைச் சேர்கின்றன. பலாங்கொடைப் பக்கத்து வளவை கங்கையும் அப்படியே. அயல் தேசத்தாரோடு பங்கு போட வேண்டிய ஆறு நமக்கு இல்லை. ஆகவே ஆற்றுத் தகராறு என்றால் அது எங்கோ யாரோ படுகின்ற பாடு என்று சப்பிரகமுவைத் தோட்டங்களின் வாலிபர் நினைக்கக் கூடும். ஆயினும் நாம் இம்மண்ணில் இருப்பதற்கே ஒரு பெருங் காரணம் தண்ணீர் இல்லாமைதான் என்பதைப் பெரியோர் அறிவர். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் என்று நம் பாட்டன்மார் வாயில் வழங்கிய ஊர்ப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திலே லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். எஞ்சியோரில் பலர் கங்காணியின் பின்னே நடந்து, தோணியேறி, மன்னார்க் காட்டு வழியாக மலைநாட்டை அடைந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. எட்டியாந்தோட்டைப் பக்கமும் தெரணியகலைப் பக்கமும் பின்னாளில் றப்பரும் வந்தது. கங்காணி மட்டும் மாறவில்லை.

இவ்வாறு நம்மவர் பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய நாளிலே, அதே மதுரைச் சீமையின் மேற்கெல்லை மலைக்கு அப்பால் ஓர் ஆறு நிறைந்து ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. அதுதான் பெரியாறு. 244 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த ஆறு இன்றைய கேரளத்தின் ஆறுகளில் மிக நீண்டது.

மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளமும் இந்தப் பக்கம் வறட்சியும் ஏன் என்று இரத்தினபுரிக்காரருக்கு விளக்குவது எளிது. வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று எழுந்தால் நம் பக்கத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. களு கங்கை கரை கடந்து கடைத்தெருவுக்குள் வருகிறது. அதே காற்று மலைமுகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்து வெறுங் காற்றாய் வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதுவே சங்கதி. மேகம் மேற்குச் சரிவிலே தன் பாரத்தை இறக்கிவிடுகிறது; கிழக்குச் சரிவிலே கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் வைகைக் கரையும் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. வைகையோ பாதி நாள் மணலாறு. ஆகவே மலையின் மேற்புறத்து நீரைத் தடுத்துக் கிழக்கே இறக்கிவிட்டால் என்ன என்னும் எண்ணம் பழையது. 1789ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். பணம் இல்லாமையால் காரியம் நின்றது. 1808இல் கப்டன் கால்டுவெல் என்பவர் மலையேறிப் பார்த்து, இது வெறுங் கனவு, இனி இதைப் பற்றி எண்ணவே வேண்டாம் என்ற கருத்தில் எழுதிவிட்டார். (திராவிட மொழிகளை ஆராய்ந்த கால்டுவெல் பாதிரியார் வேறு.) 1850இல் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கி, காய்ச்சலுக்கு அஞ்சிக் கூலியாட்கள் ஓடிப்போகக் கைவிடப்பட்டது.

மலை ஒரு தடை. எல்லை இன்னொரு தடை. பெரியாறு பாய்ந்த காடு திருவிதாங்கூர் மகாராசாவின் இராச்சியம். அந்த இராச்சியத்துக்குத் தனிக் கொடியும் தனி நாணயமும் அஞ்சல் என்ற பெயரில் தனித் தபாலும் இருந்தன. கிழக்குச் சரிவு சென்னை மாகாணம், அதாவது வெள்ளைக்காரரின் நேராட்சி. ஆறு ஓர் அரசுக்கும் தாகம் இன்னோர் அரசுக்கும் சொந்தம். சென்னையார் கண்ணுக்கு அந்த நீர் கடலில் வீணாய் விழுந்தது. கீழே ஆலுவாய்க் கரையில் அதிலே குளித்து, அதிலே தோணி விட்டு வாழ்ந்தவரைக் கேட்டிருந்தால் வீண் என்ற சொல்லை அவர் ஒப்பியிருக்க மாட்டார். கேட்டார் எவருமில்லை.

1862 தொடங்கி இரு தரப்பாரும் பேசினர். இருபத்துநான்கு ஆண்டுகள் இழுபட்டு, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி குத்தகைப் பத்திரம் கைச்சாத்தானது. திருவிதாங்கூர் பக்கம் திவான் இராமய்யங்கார் ஒப்பமிட்டார். விசாகம் திருநாள் மகாராசா தம் நெஞ்சின் இரத்தத்தால் கையெழுத்திடுவதாகச் சொல்லி அழுதார் என்று ஒரு கதை மலையாள நாட்டில் வழங்குகிறது. அவர் 1885இலேயே காலமாகிவிட்டார். பத்திரம் எழுதப்பட்டது மூலம் திருநாளின் ஆட்சியில். கதை அப்படியே நடந்திராவிட்டாலும், சிறிய அரசு பெரிய அரசின் நெருக்குதலுக்குப் பணிந்தது என்னும் நினைவு அதிலே தங்கியிருக்கிறது என்று நாம் கொள்ளலாம். மகாராசா வெள்ளையருக்குக் கப்பம் கட்டி வந்தவர். குத்தகைப் பணத்தைக்கூட அந்தக் கப்பத்திலே கழித்துக்கொள்வதென்றுதான் ஏற்பாடு.

பத்திரத்தின் வாசகம் இது: நீர் தேங்கும் நிலம் 8,000 ஏக்கர்; வேலைக்காக மேலும் 100 ஏக்கர் வரை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய். ஆக 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டுகள். அது முடிந்தபின் வேண்டுமானால் இன்னும் 999 ஆண்டுகள்! சூரிய வமிசத்து அரசர்கூட இத்தனை தலைமுறைக்கு ஓலை எழுதியதாக நாம் கேட்டதில்லை. இவ்வளவு நீண்ட காலத்தை எண்ணிப் பார்த்த அவர்கள், அக்காலத்துக்குள் எவ்வெவை மாறக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. குத்தகை உயர வேண்டுமா, நீரினால் வேறு ஊதியம் வந்தால் அது யாருக்கு, சுவர் கிழடானால் யார் முடிவு செய்வது என்பவற்றுக்குப் பத்திரத்திலே விடை இல்லை. பிணக்கு வந்தால் மத்தியஸ்தர் தீர்க்கட்டும் என்று ஒரு வாசகம் இருந்தது. அதுவே பின்னாளில் பயன்பட்டது. அந்தப் பத்திரம் எதை எதைச் சொல்லாமல் விட்டதோ அதையதைப் பற்றித்தான் அடுத்த நூற்றாண்டு முழுவதும் வழக்காடினார்கள். நீரைப் பற்றி வழக்காடியது குறைவு.

அணை கட்டிய கதையைச் சொல்லாமல் போவது தகாது. 1887இல் வேலை ஆரம்பமாயிற்று. கேர்ணல் ஜோன் பென்னிகுயிக் தலைமை வகித்தார். சென்னைப் பட்டாளத்துப் பயனியர் படையாட்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கேயத் தச்சரும், கம்பம் பள்ளத்தாக்கு முதலான கீழ்நாட்டு ஊர்களிலிருந்து சென்ற கூலியாட்களும் அந்தக் காட்டிலே உழைத்தார்கள். யானை மந்தை ஒரு பக்கம். மலைக் காய்ச்சல் மறு பக்கம். ஆற்றைத் தற்காலிகமாக மறித்துப் போட்ட அணைகளை வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிற்று, மீண்டும் போட்டார்கள். சீமெந்து பரவாத நாள். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் குழைத்த சாந்தினால் கருங்கல் சுவர் எழுந்தது. நீளம் 1,200 அடி. அடித்தளம் முதல் உச்சி வரை 176 அடி. தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டுவர, மலைமுதுகைக் குடைந்து 5,700 அடிக்கு மேற்பட்ட சுரங்கம் வெட்டினார்கள். 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆந் திகதி சென்னைக் கவர்னர் வென்லொக் பிரபு திறந்துவைத்தார். மேற்கே ஓடிய நீர் சுரங்கத்துள் புகுந்து, கிழக்குச் சரிவிலே சுருளியாற்றில் விழுந்து, வைகையைச் சேர்ந்தது.

நோயினால் மட்டும் 483 பேர் அங்கே மாண்டதாகக் கணக்கு. அவர்களை அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். நம் மலைநாட்டுத் தெருவோரங்களிலும் புகைவண்டிப் பாதையோரங்களிலும் பெயரின்றிப் புதையுண்டவர்களை நினைக்கும் நமக்கு இந்தக் கணக்கு புதியதன்று. ஒரே ஊரிலிருந்து அண்ணன் பெரியாற்றுக் காட்டுக்கும் தம்பி இலங்கைக் காட்டுக்கும் போயிருக்கக் கூடும்.

அன்று தொடங்கி இன்றைய தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் அந்த நீரை நம்பி வாழ்கிறது. பென்னிகுயிக் பிறந்த தை மாதத்து நாளிலே கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். 2013 சனவரி 15இல் அடிவாரத்திலே தமிழ்நாட்டு அரசாங்கம் அவருக்கு மணிமண்டபமும் திறந்தது. வெள்ளைக்கார உத்தியோகத்தரில் இப்படிப் பூசை பெற்றவர் மிகச் சிலரே.

முதல் வழக்கு வெளிச்சத்தைப் பற்றியது. 1886இல் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது இந்த மலைகளில் எவர் மனத்திலும் இல்லை. 1930களில் சென்னை அரசாங்கம் அந்த அருவி நீரால் மின்சாரம் எடுக்க எண்ணியபோது திருவிதாங்கூர் குறுக்கிட்டது. பாசனத்துக்கென்றுதான் நீர் கொடுத்தோம், விளக்கெரிக்கக் கொடுக்கவில்லை என்பது அதன் வாதம். சர். சி. பி. இராமசாமி ஐயர் திவானாயிருந்த காலம். வாதாட அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பத்திரத்தில் இருந்த மத்தியஸ்த வாசகத்தின்படி பிணக்கு நடுவரிடம் சென்றது. 1941 மே மாதத்திலே நடுவர் சர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி, பாசனம் ஒழிய வேறெதற்கும் அந்நீரைப் பயன்படுத்தச் சென்னைக்கு உரிமையில்லை என்று தீர்த்தார். கப்பம் கட்டிய அரசு, கப்பம் வாங்கிய அரசை வழக்கில் வென்றது. சுதந்திரத்தின் பின் 1950களின் இறுதியிலே மின்நிலையம் எழுந்தது. அதற்கான ஒப்பந்தம் முறையாக எழுதப்பட்டது 1970 மே 29இல். அப்போது குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தமிழ்நாடு இசைந்தது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. பணமும் வெளிச்சமும் இவ்வாறு தீர்ந்தன. மூன்றாவது பிணக்குக்குப் போகுமுன், இதே போன்ற பத்திரங்கள் சுதந்திர தேசங்களுக்கு இடையில் என்ன பாடுபட்டன என்பதையும் ஒருமுறை பார்த்து வருவோம்.

1947இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த கோடு பஞ்சாபின் நடுவே சென்றது. கால்வாய்களின் தலைமதகுகளான மாதோப்பூரும் பிரோஸ்பூரும் இந்தியப் பக்கம். அவற்றால் விளைந்த வயல்களில் பெரும் பங்கு பாகிஸ்தான் பக்கம். பழைய நிலையே தொடரட்டும் என்று செய்துகொண்ட தற்காலிக உடன்படிக்கை 1948 மார்ச் 31இல் முடிந்தது. அடுத்த நாளே கிழக்குப் பஞ்சாப் மதகுகளை மூடியது. விதைக்கும் பருவம். மே 4ஆந் திகதி ஓர் ஏற்பாடு ஏற்பட்டுத் தண்ணீர் திரும்பியது என்றாலும், ஒருமுறை மூடிய மதகை மறுமுறை மூட மாட்டார்கள் என்று எவர் நம்புவார்? உலக வங்கி நடுநின்று பல ஆண்டுகள் பேசி, 1960 செப்டம்பர் 19இல் கராச்சியிலே பண்டித நேருவும் ஜனாதிபதி அயூப் கானும் சிந்து நதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். ஆறு ஆறுகளைச் சொத்துப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. கிழக்கு ஆறுகளை இழந்த பாகிஸ்தான் புதிய கால்வாய் வெட்டுவதற்கு இந்தியா 6 கோடியே 20 லட்சம் பவுணுக்கு மேல் பத்துத் தவணைகளில் கொடுத்தது. 1965 யுத்தத்தின்போதும் தவணை நிற்கவில்லை என்பது நாம் மெச்ச வேண்டியதொன்று. அத்தகைய ஒப்பந்தத்தைப் பகல்காம் கொலைகளின் பின் 2025 ஏப்ரல் 23இல் இந்தியா நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இரு நாடும் இசைந்து வேறொரு ஒப்பந்தம் செய்யும்வரை இது நடைமுறையில் இருக்கும் என்று அதிலே எழுதியிருக்கிறது. ஒருவர் தனியே நிறுத்திவைப்பதைப் பற்றி அதிலே சொல் இல்லை.

ஆறுகளை மூன்று மூன்றாய்ப் பிரித்த செய்தி நம்மவர் காதுக்கு வேறொரு பிரிப்பை நினைவூட்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30இல், ஸ்ரீமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியாரும் நம்மை எண்ணிப் பிரித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். அந்த மீதியை 1974இல் பாதிபாதியாக்கினார்கள். நாடற்றவராய் எஞ்சியோருக்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டத்து லயங்களில் இருந்த எவரையும் இரு அரசாங்கமும் கேட்கவில்லை. ஆறாவது வாய் பேசாது. நாம் பேசத் தெரிந்தவர்களாயிருந்தும் அதே கதிதான்.

இன்னொன்று கங்கை. பகீரதன் பெயரையே தாங்கிய பாகீரதி என்னும் கிளைதான் ஹூக்ளியாகிக் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் போகிறது. அது மணலால் தூர்ந்து கப்பல் வரக் கஷ்டமாயிற்று. கங்கையை மறித்து அந்தக் கிளைக்கு நீர் திருப்ப வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஆதர் கொட்டன் என்னும் பொறியியலாளர் சொல்லியிருந்தார். தஞ்சைக்குக் கீழணை தந்தவர் அவர். இந்தியா பரக்காவில் அதைச் செய்ய எண்ணிய செய்தி வெளிவந்ததும், 1951 அக்டோபரிலேயே பாகிஸ்தான் ஆட்சேபித்தது. அந்நாளில் கிழக்கு வங்காளம் அதனுடையது. 1961இல் வேலை தொடங்கி, 1975 ஏப்ரல் 21இல் கால்வாய் திறக்கப்பட்டது. 38 கிலோமீற்றர் நீளம். வினாடிக்கு 40,000 கன அடி நீர் போகக் கூடியது. பார்த்துவிட்டு மூடுவோம் என்று 41 நாளுக்கென்று திறந்ததை மூடவில்லை. அதற்குள் பங்களாதேசமாகிவிட்ட கீழ்நாட்டில், கோடையிலே ஆறு வற்றிக் குல்னாப் பக்கத்தில் கடலுப்பு உள்ளே ஏறியது. 1976 மே 16இல் முதியவரான மௌலானா பாஷானி சனங்களைத் திரட்டிக்கொண்டு எல்லையை நோக்கி நடந்தார். வழக்கு ஐக்கிய நாடுகள் சபை வரைக்கும் போயிற்று. 1977இல் எழுதிய உடன்படிக்கையிலே, நீர் எவ்வளவு குறைந்தாலும் பங்களாதேசத்துக்கு அதன் பங்கில் நூற்றுக்கு 80 நிச்சயம் என்று ஒரு வாசகம் இருந்தது. 1996 டிசெம்பர் 12இல் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் 30 ஆண்டுகளுக்கு எழுதிய ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லை. அடுத்த கோடையிலேயே அது ஏன் இல்லை என்ற கேள்வி டாக்காவில் எழுந்தது.

இனிப் பெரியாற்றுக்குத் திரும்புவோம். 1979 ஆகஸ்ட் 11இல் குஜராத்திலே மோர்வி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தச் செய்தியோடு கேரளத்தில் ஓர் அச்சம் புகுந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 84 வயதுச் சுவரை எவ்வளவு நம்பலாம்? தேக்கும் மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. இந்திய மத்திய நீர் ஆணையத்தின் சொற்படி தமிழ்நாடு அணையைப் பலப்படுத்தியது: உச்சியிலே கொங்கிறீற்றுக் கவசம், மேலிருந்து அடிப்பாறை வரை இறக்கி இறுக்கிய உருக்குக் கம்பிகள், பின்புறத்திலே கொங்கிறீற்று முட்டு. பலப்படுத்திவிட்டோம், மட்டத்தை உயர்த்துங்கள் என்றது தமிழ்நாடு. வேறு புதிய அணை கட்டுவோம், நீரை உங்களுக்கே தருவோம் என்றது கேரளம். புதிய அணை வந்தால் பழைய பத்திரம் என்னாவது என்ற ஐயம் தமிழ்நாட்டுக்கு. நீரை ஒருவரும் மறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2006 பெப்ரவரி 27இல் இந்தியாவின் தலைமை நீதிமன்றமான உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. மறு மாதமே கேரளச் சட்டசபை 136 அடிதான் எல்லை என்று ஒரு சட்டம் இயற்றியது. 2011 கார்த்திகை, மார்கழியிலே சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட, குமுளியிலும் கம்பத்திலும் கலவரம் மூண்டது. எல்லைப் போக்குவரத்து நின்றது. காலையிலே ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் மாலையிலே மலையிறங்கும் தமிழ்ப் பெண்கள் அஞ்சி ஓடிவர நேர்ந்தது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தக் கேரளச் சட்டத்தைத் தள்ளி, அணை உறுதியானதென்றும், 142 அடி தேக்கலாமென்றும், மூவர் குழு மேற்பார்க்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரிலே, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், நீர் 142 அடியைத் தொட்டது. கம்பத்திலே வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள்.

இதை மலையாளிக்கும் தமிழனுக்கும் உள்ள சண்டை என்று பத்திரிகைகள் எழுதக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சை நாம் ஒப்புவதற்கில்லை. அணைக்குக் கீழே ஆற்றோரமாக முதலில் வருகின்ற ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. அது தேயிலை நாடு. அங்கே லயங்களில் இருப்பவர்களிற் பெரும் பகுதியினர் தமிழர்; மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய கூலித் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். பெரட்டு, கொழுந்து, நிறுவை, லயம் எல்லாம் நமக்குப் போலவே அவர்களுக்கும். அணையின் நீரால் விளைந்த அரிசியை உண்பவரும் தமிழர். அணை உடையுமோ என்று மழைக்காலத்து இராத்திரியில் விழித்திருப்பவரிற் பலரும் தமிழரே. முன்சொன்ன பகீரதனும் சன்னு முனிவரும் இங்கே ஒரே குடும்பத்தார். கம்பத்திலிருந்து பெண் கொண்ட வீடுகள் வண்டிப்பெரியாற்றில் உண்டு. தைப்பொங்கலுக்கு மலையிறங்கிப் போய் வருபவரும் உண்டு. நீதிமன்றத்திலே இரண்டு அரசாங்கங்கள் எதிரெதிரே நின்று பேசியபோது இந்த மக்களுக்கென்று ஒரு தனி நாற்காலி இருக்கவில்லை.

அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று பொறியியலாளர் சொல்லலாம். அவர்கள் அளந்து பார்த்தே சொல்லியிருப்பார்கள். தீர்ப்பை நாமும் மதிக்கிறோம். ஆயினும் மண்சரிவு எச்சரிக்கை வந்த இரவுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஓடிய அனுபவம் நம் தோட்டங்களில் உண்டு. மேலே இருப்பது ஆபத்தில்லை என்று காகிதத்தில் எழுதியிருப்பது வேறு, அதன் கீழே பாய் விரித்துப் படுப்பது வேறு என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2021 டிசெம்பர் மாதத்திலே பெருமழை பெய்து ஏரி நிரம்பியது. 142 அடியைக் கடவாதிருக்க அணையின் மதகுகளை இராக் காலத்திலே உயர்த்தினார்கள். வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உறங்கிக் கிடந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். முன்னறிவித்தல் போதாதென்று கேரளம் தலைமை நீதிமன்றத்துக்குச் சென்று முறையிட்டது; விதிப்படியே திறந்தோம் என்றது தமிழ்நாடு. மதகைத் திறக்குமுன் கீழே இருப்பவரை யார் எழுப்ப வேண்டும், எத்தனை நாழிகைக்கு முன் எழுப்ப வேண்டும் என்பதைப் பற்றி 999 ஆண்டுப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை.